உலாவி நீட்டிப்பில் பிறர் நடத்தும் பாதுகாப்புச் சேவைகளைச் சேர்க்க யாரிடம், எப்படி அனுமதி பெறுவது?

கேள்வி – கணிநெசவு

வணக்கம். குரோம், ஃபயர்பாக்ஸ் ஆகிய இரண்டு உலாவிகளிலும் இயங்கக்கூடிய ஒரு நீட்டிப்பை (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) எழுதி வருகிறேன். பயனர் ஓர் இணைப்பைத் திறக்கும்போது அது ஃபிஷிங் (போலிப் பக்கம் காட்டித் தகவல் திருடும்) தளத்துக்கோ மால்வேர் (தீங்குநிரல்) பரப்பும் தளத்துக்கோ போகிறதா என்று பார்த்து எச்சரிப்பது அதன் முதல் வேலை. புதிய கணக்குத் தொடங்கும்போது உள்ளிடும் கடவுச்சொல் ஏற்கெனவே எங்காவது கசிந்ததா என்று சொல்வது இரண்டாவது வேலை. இவற்றுக்கான தரவு எதுவும் என்னிடம் இல்லாததால், கூகுளின் தீங்கான தளப் பட்டியலான சேஃப் பிரௌசிங், முகவரிகளைப் பல வைரஸ் தடுப்பிகளைக் கொண்டு சோதிக்கும் வைரஸ்டோட்டல், அபியூஸ்.சிஎச் நடத்தும் மால்வேர் முகவரிப் பட்டியலான யூஆர்எல்ஹவுஸ், கசிந்த கணக்குகளைத் தேடித் தரும் ஹேவ் ஐ பீன் போன்ட் ஆகிய நான்கு சேவைகளையும் பின்னணியில் பயன்படுத்த எண்ணியிருக்கிறேன்.

நீட்டிப்பு இலவசம், நிரலை ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் பொதுவில் வைக்கப் போகிறேன். நன்கொடைப் பொத்தான் ஒன்று இருக்கும். வரவேற்பைப் பொறுத்து, நிறுவனங்களுக்கான கட்டணப் பதிப்பு ஒன்றையும் பின்னர் கொண்டுவரலாம் என்ற எண்ணம் உண்டு.

என் ஐயம் இதுதான். மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்தாலே பெரும்பாலான சேவைகளில் ஏபிஐ (ஒரு சேவையை நம் நிரலிலிருந்து அழைக்கும் வழி) சாவி கிடைத்துவிடுகிறது. சாவி கிடைத்ததையே அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாமா, அல்லது ஒவ்வொரு சேவையிடமிருந்தும் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டுமா? அவர்களுடைய பெயரையும் இலச்சினையையும் எச்சரிக்கைப் பக்கத்தில் காட்டலாமா? நீட்டிப்புகளை வெளியிடும் ஸ்டோர்களின் (நீட்டிப்புக் கடைகளின்) ஆய்வின்போது இந்த ஒப்புதல்களைக் கேட்பார்களா?

மறுமொழி – உரிமநோக்கி

சாவி என்பது உங்களை அடையாளம் காண அவர்கள் கொடுக்கும் ஒரு சீட்டு மட்டுமே. எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதைச் சேவை நிபந்தனைகள்தாம் தீர்மானிக்கின்றன. பதிவு செய்யும்போது "ஏற்கிறேன்" என்று நீங்கள் டிக் செய்தது அவற்றைத்தான். உங்கள் பயன்பாடு நிபந்தனைகளுக்குள் முழுமையாக அடங்கினால் தனிக் கடிதம் தேவையில்லை. அடங்கவில்லை என்றாலோ, அடங்குகிறதா என்பது வாசகத்திலிருந்து தெளிவாகவில்லை என்றாலோ எழுத்தில் கேட்டே ஆக வேண்டும். நீங்கள் சொன்ன நான்கும் நான்கு விதமானவை என்பதால் தனித்தனியாகவே பார்க்கிறேன்.

சேஃப் பிரௌசிங் ஏபிஐ வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று கூகுள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. விற்பனைக்கோ வருவாய் ஈட்டவோ பயன்படுத்துவோர், கூகுள் கிளவுடின் கீழ் வரும் வெப் ரிஸ்க் என்ற வேறு ஏபிஐயை நாட வேண்டும். ஆகவே உங்கள் கட்டணப் பதிப்பு இந்த ஏபிஐயைத் தொடவே முடியாது. வெப் ரிஸ்க்குக்கு ஆகும் செலவை இப்போதே கணக்கில் வையுங்கள். இலவசப் பதிப்புக்கும் நிபந்தனைகள் உண்டு. எச்சரிக்கை வாசகம், அந்தப் பக்கம் ஐயத்துக்கு இடமின்றித் தீங்கானது என்ற தொனியில் இருக்கக் கூடாது. "தீங்கானதாக இருக்கலாம்" என்ற அளவில்தான் சொல்ல வேண்டும். தகவல் கூகுளிடமிருந்து வந்தது என்று அவர்கள் குறிப்பிடும் வாசகத்தைக் காட்ட வேண்டும். மேலும் அறிய இணைப்புத் தர வேண்டும். இந்தப் பாதுகாப்பு முழுமையானதல்ல, நல்ல தளமும் பட்டியலில் சேர்ந்துவிடலாம், கெட்ட தளமும் விடுபட்டுவிடலாம் என்பதைப் பயனருக்கு அறிவிக்க வேண்டும். சிவப்புப் பின்னணியில் "இது மோசடித் தளம்!" என்று கொட்டை எழுத்தில் போடும் ஆசை எல்லோருக்கும் வருவதுதான், நிபந்தனை அதைத் தடுக்கிறது.

வைரஸ்டோட்டலின் பொது ஏபிஐயில் நிமிடத்துக்கு 4 கேட்புகள், நாளுக்கு 500 கேட்புகள் என்று வரம்பு இருக்கிறது. வணிகப் பொருள்களிலோ சேவைகளிலோ அதைப் பயன்படுத்தக் கூடாது. வரம்பைத் தாண்டுவதற்காகப் பல கணக்குகள் தொடங்கக் கூடாது. ஒரே சாவியை எல்லாப் பயனர்களுக்கும் வைத்தால், இருபது பேர் காலையில் உலாவியைத் திறந்ததுமே அன்றைய 500-உம் தீர்ந்துவிடும். வைரஸ்டோட்டலே வெளியிட்டுள்ள நீட்டிப்பில் பயனர் தம் சொந்தச் சாவியை உள்ளிடும் வசதி இருக்கிறது. நீங்களும் அந்த வழியைப் பின்பற்றலாம். இருந்தாலும், தானாகவே ஒவ்வோர் இணைப்பையும் சோதிக்கும் கருவிக்கு அது பொருந்தாது என்றே சொல்வேன்.

ஹேவ் ஐ பீன் போன்ட் 2013-இல் ட்ராய் ஹண்ட் தொடங்கியது. அதில் உங்களுக்கு வேண்டியது கசிந்த கடவுச்சொற்களைத் தேடும் பகுதி மட்டும்தான் என்றால் உங்கள் வேலை மிக எளிது: அதற்குச் சாவியும் வேண்டாம், கட்டணமும் இல்லை, மூலம் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஒரு மின்னஞ்சல் முகவரி எந்தெந்தக் கசிவுகளில் சிக்கியது என்று தேடும் பகுதிக்கு 2019 முதல் கட்டணச் சாவி வேண்டும். அந்தத் தரவு மூலம் காட்டிப் பகிரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகிறது. ஒரே தளத்தின் இரண்டு பகுதிகளுக்கு இரண்டு விதிகள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

யூஆர்எல்ஹவுஸ் மால்வேர் பரப்பும் முகவரிகளின் பட்டியலைத் தரவிறக்கக் கோப்பாகவே கொடுக்கிறது. கோப்பு 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதைவிட அடிக்கடி எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். இப்போது பதிவு செய்து சாவி பெற வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: அது மால்வேர் கோப்புகள் வைக்கப்பட்டுள்ள முகவரிகளைத்தான் தொகுக்கிறது, ஃபிஷிங் பக்கங்களை அதில் தேடிப் பயனில்லை.

மறுமொழி – பொதியவிழ்ப்போன்

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் சாவியை எங்கே வைப்பது என்ற கேள்வியை முதலில் தீர்க்காமல் அனுமதிக் கடிதம் எழுதினால் அந்தக் கடிதமே தவறாகப் போகும்.

நீட்டிப்பின் பொதி வெறும் ஸிப் கோப்பைப் போன்றதுதான்; யாரும் அவிழ்த்துப் பார்க்கலாம். அதற்குள் சாவியை எப்படி மறைத்து வைத்தாலும் அதை எடுக்க ஐந்து நிமிடம் போதும். இது பாதுகாப்புக் குறை மட்டுமன்று, நிபந்தனை மீறலும்கூட: திறமூலத் திட்டங்களுக்குள் சாவியைப் பதித்து வைக்கக் கூடாது என்று கூகுள் ஏபிஐகளின் பொது விதிமுறைகள் சொல்கின்றன. நீங்கள் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடப் போகிறீர்கள். ஆகவே இந்த விதி உங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

சாவியை உங்கள் சொந்தச் சர்வரில் வைத்து, நீட்டிப்பு அந்தச் சர்வரைக் கேட்கும்படி செய்யலாம் என்பது அடுத்து எல்லோருக்கும் தோன்றும் யோசனை. அதைச் செய்த அந்த நொடியில் உங்கள் பயனர்கள் எந்தெந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்ற முழு வரலாறும் உங்கள் சர்வரின் பதிவேட்டில் வந்து குவியத் தொடங்கும். நீங்கள் அதைப் படிக்காமல் இருக்கலாம். ஆனால் உங்களிடம் இருக்கிறது. "பாதுகாப்பு நீட்டிப்பு" என்ற பெயரில் வந்தவையே இதில் மிக மோசமாக நடந்துகொண்டிருக்கின்றன. வெப் ஆஃப் டிரஸ்ட் என்ற தள மதிப்பீட்டு நீட்டிப்பு தன் பயனர்களின் உலாவல் தரவைப் பிறருக்குக் கொடுத்ததை ஜெர்மனியின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனம் 2016 நவம்பரில் வெளிக்கொண்டுவந்தது. அதன்பின் அது நீட்டிப்புக் கடைகளிலிருந்து அகன்றது. அவாஸ்ட் நிறுவனத்தின் நீட்டிப்புகளை 2019 டிசம்பரில் மொசில்லா நீக்கியது. பயனர்களின் உலாவல் தரவை விற்றுவந்த ஜம்ப்ஷாட் என்ற அதன் துணை நிறுவனம் 2020 ஜனவரியில் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அறிவித்தது. இவற்றுக்குப் பிறகு, முகவரிகளை வெளியே அனுப்பும் எந்த நீட்டிப்பையும் ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள்; பார்ப்பதும் நியாயமே.

ஆகவே முகவரியே வெளியே போகாத வழிகளைத் தேடுங்கள். சேஃப் பிரௌசிங்கில் இரண்டு முறைகள் உண்டு. லுக்கப் முறையில் முகவரியை அப்படியே கூகுளுக்கு அனுப்பிக் கேட்கிறீர்கள். எளிது, ஆனால் எல்லாமே வெளியே போகிறது. அப்டேட் முறையில், தீங்கான முகவரிகளின் ஷா-256 ஹாஷ்களுடைய (முகவரியிலிருந்து கணக்கிடப்படும், திரும்ப முகவரியாக மாற்ற முடியாத குறியீடுகளுடைய) முன்பகுதிகளைக் கொண்ட பட்டியலை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்கிறீர்கள். முன்பகுதி பெரும்பாலும் 4 பைட்டுகள்தாம். பயனர் பார்க்கும் முகவரியைச் சீர்படுத்தி, அதன் தளப்பெயரையும் பாதையையும் பல அளவுகளில் வெட்டி, அதிகபட்சம் 30 கோவைகளாக்கி, ஒவ்வொன்றின் ஹாஷையும் கணினியிலேயே பட்டியலோடு ஒப்பிடுகிறீர்கள். பொருத்தம் இல்லையென்றால் எதுவும் வெளியே போவதில்லை. மிகப் பெரும்பாலான நேரங்களில் இதுதான் நடக்கும். பொருந்தினால் மட்டும் அந்த 4 பைட்டுகளை அனுப்பி, அவற்றில் தொடங்கும் முழு ஹாஷ்களை வாங்கி, இறுதி முடிவை நீங்களே எடுக்கிறீர்கள். முகவரியைச் சீர்படுத்தும் விதிகள் நுணுக்கமானவை; அந்தப் பகுதியை எழுதத்தான் நேரம் பிடிக்கும். ஆவணத்தில் கொடுத்திருக்கும் சோதனை முகவரிகள் அனைத்தும் தேறும்வரை வெளியிட வேண்டாம்.

கடவுச்சொல் சோதனையும் இதே வகைதான். கடவுச்சொல்லின் ஷா-1 ஹாஷில் 40 எழுத்துகள். அவற்றுள் முதல் 5 எழுத்துகளை மட்டும் அனுப்பினால், அவற்றில் தொடங்கும் எல்லா ஹாஷ்களின் மிச்சப் பகுதியும் திரும்பி வரும். ஒப்பிடுவது உங்கள் பக்கத்தில். மறுமொழியின் அளவை வைத்து இடையில் இருப்பவர் ஊகிப்பதைத் தடுக்க, ஒவ்வொரு மறுமொழியையும் 800 முதல் 1,000 வரிகளாக நிரப்பி அனுப்பச் சொல்லும் வசதியும் இருக்கிறது. அதை மறக்காமல் பயன்படுத்துங்கள்.

வைரஸ்டோட்டலைப் பற்றி நான் மேலே எழுதியவரைவிடக் கடுமையாகவே சொல்வேன்: தானியங்கிச் சோதனைக்கு அதை அறவே விட்டுவிடுங்கள். அங்கே சோதனைக்குக் கொடுக்கும் முகவரிகளை மற்றவர்களும் பார்க்க முடியும். கடவுச்சொல்லை மீட்டமைக்கும் இணைப்பு, பகிர்ந்த ஆவணத்தின் இரகசிய இணைப்பு போன்றவை பயனருக்குத் தெரியாமலே அங்கே போய்ச் சேர்ந்தால் அந்தப் பழியிலிருந்து எந்த அனுமதிக் கடிதமும் உங்களைக் காப்பாற்றாது.

மறுமொழி – கணிநெசவு

மிக்க நன்றி. லுக்கப் முறையைத்தான் எழுதி வைத்திருந்தேன். அதை அப்டேட் முறைக்கு மாற்றிக்கொள்கிறேன். ஆனால் அந்த முறையிலும் பட்டியலைத் தரவிறக்கச் சாவி வேண்டுமே? நானே ஒரு சர்வரில் பட்டியலை வாங்கி, அந்தக் கோப்பை மட்டும் பயனர்களுக்கு வழங்கினால் உலாவல் வரலாறு என்னிடம் வராது அல்லவா? நன்கொடை பெறுவது வணிகமாகுமா என்பதும் இன்னும் தெளிவாகவில்லை.

மறுமொழி – வழிப்போக்கன்

இடையில் ஒரு கேள்வி. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய மூன்றிலும் சேஃப் பிரௌசிங் ஏற்கெனவே உள்ளிருந்தே இயங்குகிறது. குரோமில் 2024 மார்ச் முதல், இடையில் ஃபாஸ்ட்லி நிறுவனத்தின் சர்வர் நின்று பயனரின் ஐபி முகவரியை மறைக்க, உடனுக்குடன் சோதிக்கும் முறையும் வந்துவிட்டது. உங்கள் பயனர் அதை அணைத்து வைத்திருந்தால் ஒழிய, நீங்கள் காட்டப்போகும் எச்சரிக்கையை உலாவியே முன்னதாகக் காட்டியிருக்கும். ஒரே பட்டியலை இரண்டாம் முறை சரிபார்ப்பதற்காக ஏன் இத்தனை நிபந்தனைகளைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? உலாவியில் இல்லாத யூஆர்எல்ஹவுஸ் பட்டியலையும் கடவுச்சொல் சோதனையையும் மட்டும் வைத்துக்கொண்டால் அனுமதிச் சிக்கலில் முக்கால் பங்கு தானே மறைந்துவிடும் அல்லவா?

மறுமொழி – உரிமநோக்கி

வழிப்போக்கன் சொல்வதை நான் முழுமனதாக ஏற்கிறேன். நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இருந்தாலும் கேட்டவற்றுக்கு விடை சொல்கிறேன். நன்கொடையைப் பொறுத்தவரை, கூகுளின் வாசகம் விற்பனையையும் வருவாய் ஈட்டலையும் குறிப்பிடுகிறது. விளம்பரமோ சந்தாவோ இருந்தால் அது வருவாய் என்பதில் விவாதமே இல்லை. எந்த வசதியையும் பூட்டி வைக்காத, கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரே நீட்டிப்பு கிடைக்கும் நன்கொடை, எல்லைக்கோட்டில் நிற்கிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் எதையும் நாமாக நமக்குச் சாதகமாகப் பொருள் கொள்ளக் கூடாது. கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பட்டியலை வாங்கி மறுவிநியோகம் செய்வதும் அப்படியே. உங்கள் பயன்பாட்டுக்கென்று கொடுத்த தரவை மூன்றாம் ஆளுக்கு வழங்குவது தனி உரிமை. நிபந்தனையில் அந்த உரிமை வெளிப்படையாக இல்லையென்றால் இல்லை என்றே கொள்ள வேண்டும். உங்கள் சர்வர் எவ்வளவு யோக்கியமானது என்பது அங்கே எடுபடாது.

கடிதம் எழுதும்போது "உங்கள் ஏபிஐயைப் பயன்படுத்தலாமா?" என்று ஒற்றை வரியில் கேட்காதீர்கள். அதற்குப் பெரும்பாலும் நிபந்தனைப் பக்கத்தின் இணைப்புதான் விடையாக வரும். நீட்டிப்பின் பெயர், அது செய்யும் ஒரே வேலை, பயனரின் கணினியிலிருந்து எந்தத் தரவு எந்த வடிவில் புறப்படுகிறது, நடுவில் உங்கள் சர்வர் இருக்கிறதா, நாளொன்றுக்கு எத்தனை கேட்புகளை எதிர்பார்க்கிறீர்கள், விடைகளை எவ்வளவு நேரம் சேமித்து வைப்பீர்கள், பணம் எந்த வழியில் வருகிறது, எச்சரிக்கைப் பக்கம் எப்படித் தோன்றும் என்பவற்றைத் திரைப்பிடிப்போடு (ஸ்கிரீன்ஷாட்) எழுதி, கடைசியில் ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய இரண்டு மூன்று கேள்விகளை வையுங்கள். கட்டணப் பதிப்பு பற்றிய எண்ணத்தை மறைக்காதீர்கள். இலவசத்துக்கென்று பெற்ற அனுமதி பின்னர் அதற்குச் செல்லாது. விடை வரவில்லை என்றால் அனுமதி இல்லை என்றுதான் பொருள். "இத்தனை நாளில் மறுக்காவிட்டால் சம்மதமாகக் கொள்வேன்" என்று எழுதும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது எதற்கும் உதவாது. நீங்கள் ஏற்ற நாளில் இருந்த நிபந்தனைப் பக்கத்தின் படி ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கங்கள் அவ்வப்போது மாறுகின்றன.

இலச்சினையைக் காட்டுவதற்கு ஏபிஐ நிபந்தனை போதாது. அது வணிகக் குறி சார்ந்தது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி வழிகாட்டி இருக்கும். தகவல் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் உண்மையாகச் சொல்வதே போதும். உங்கள் நீட்டிப்பை அவர்கள் பரிந்துரைத்ததாகத் தோன்றும் எந்த அமைப்பும் வேண்டாம்.

மறுமொழி – பொதியவிழ்ப்போன்

ஸ்டோர் ஆய்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். நீங்கள் சேவை நிறுவனங்களிடமிருந்து பெற்ற கடிதங்களைச் சமர்ப்பிக்க விண்ணப்பத்தில் இடம் எதுவும் இல்லை. குரோம் வெப் ஸ்டோர் கேட்பது வேறு: நீட்டிப்பின் ஒற்றை நோக்கம் என்ன, கேட்கும் ஒவ்வோர் அனுமதிக்கும் காரணம் என்ன, வெளியிலிருந்து நிரல் ஏதும் இறக்கப்படுகிறதா, பயனர் தரவில் எவையெவை சேகரிக்கப்படுகின்றன என்பவையே. பயனர் தரவைக் கையாண்டால் தனியுரிமைக் கொள்கைப் பக்கம் கட்டாயம். உலாவல் தரவை மூன்றாம் தரப்புக்கு அனுப்புவதை அவர்களுடைய விதி பொதுவாகத் தடுத்தாலும், நீட்டிப்பின் நோக்கத்துக்கு அவசியமான இடத்திலும், மால்வேர், ஃபிஷிங் போன்றவற்றிலிருந்து காப்பதற்கும் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கை நம்பித்தான் உங்கள் நீட்டிப்பு நிற்கப் போகிறது. எனவே அதே தரவைப் புள்ளிவிவரத்துக்கென்று ஓரமாகச் சேமித்தாலும் விலக்கு கையை விட்டுப் போய்விடும். உங்கள் இரண்டு வேலைகளும் ஒற்றை நோக்கமா என்று ஆய்வாளர் கேட்கக்கூடும் என்பதையும் எதிர்பாருங்கள். இணைப்பைச் சோதிப்பதும் கடவுச்சொல்லைச் சோதிப்பதும் இரண்டு தனி நீட்டிப்புகளாக இருந்தால், கேட்கும் அனுமதிகளும் குறையும்.

ஃபயர்பாக்ஸில், 2025 நவம்பர் 3 முதல் சமர்ப்பிக்கப்படும் புதிய நீட்டிப்புகள், தனிப்பட்ட தரவு எதையாவது சேகரிக்கின்றனவா அல்லது அனுப்புகின்றனவா என்பதை, நீட்டிப்பின் விவரங்களைக் கொண்ட மேனிஃபெஸ்ட் கோப்பிலேயே அறிவிக்க வேண்டும். நிறுவும்போது பயனருக்கு அது காட்டப்படும். எதையும் அனுப்பவில்லை என்றாலும் "இல்லை" என்று எழுதியே ஆக வேண்டும்.

நீட்டிப்புகளுக்கான இப்போதைய அமைப்பு விதியான மேனிஃபெஸ்ட் 3-இல் வெளியிலிருந்து நிரலை இறக்கி இயக்க முடியாது. பாதுகாப்பு நிறுவனங்கள் சில, தங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை அவர்களுடைய சர்வரிலிருந்தே ஏற்றச் சொல்லும். அவர்கள் எழுத்தில் அனுமதித்தாலும் ஸ்டோர் அனுமதிக்காது. முகவரிப் பட்டியல் என்பது தரவு, நிரல் அன்று. ஆகவே யூஆர்எல்ஹவுஸ் கோப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதில் தடையில்லை.

எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதியைக் கேட்காமலே இருக்கவும் ஒரு வழி உண்டு. வலச்சொடுக்குப் பட்டியலில் "இந்த இணைப்பைச் சோதி" என்ற ஓர் உருப்படியை வைத்தால், பயனர் அதைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த இணைப்பின் முகவரி உங்களுக்குக் கிடைக்கும். வேறு எந்தத் தளத்தின் மீதும் உங்களுக்கு அதிகாரம் தேவைப்படாது. பயனர் தாமே கேட்டு, தம் சொந்தச் சாவியால் சோதிப்பதால், வைரஸ்டோட்டலையும் இந்த இடத்தில் மட்டும் நேர்மையாகப் பயன்படுத்தலாம். முகவரி பிறர் பார்வைக்குப் போகும் என்ற எச்சரிக்கையை அனுப்புவதற்கு முன் காட்டுங்கள்.

மறுமொழி – கணிநெசவு

அனைவருக்கும் நன்றி. சேஃப் பிரௌசிங்கைக் கைவிடுகிறேன். யூஆர்எல்ஹவுஸ் பட்டியலைக் கணினியிலேயே வைத்து ஒப்பிடுவது ஒரு நீட்டிப்பு. கடவுச்சொல் சோதனை மற்றொரு நீட்டிப்பு. வைரஸ்டோட்டல் வலச்சொடுக்கில், பயனரின் சாவியோடு மட்டும். பட்டியலை என் சர்வரிலிருந்து பயனர்களுக்கு மறுவிநியோகம் செய்யலாமா, கட்டணப் பதிப்புக்கு என்ன ஏற்பாடு என்ற இரண்டு கேள்விகளோடு அபியூஸ்.சிஎச்சுக்குக் கடிதம் எழுதுகிறேன். விடை வந்ததும் அவர்கள் ஒப்புதலோடு இங்கே பதிகிறேன். அதுவரை அந்த நீட்டிப்பை வெளியிடப் போவதில்லை. கடவுச்சொல் நீட்டிப்புக்கு அனுமதி எதுவும் தேவைப்படாததால் அதை முதலில் சமர்ப்பித்துவிடுகிறேன்.